ஜெல்லுக்குத் தமிழ்: களிமமா, இழுதா?

அனைவருக்கும் வணக்கம்.

நுண்ணுயிர்ப் பாடத்துக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும், 'ஜெல்' என்ற ஒரு சொல்லுக்குத் தமிழ் முடிவாகாமல் நிற்கிறது. நான் களிமம் என்கிறேன், குழுவில் ஐயா இழுது என்கிறார், உறைமம் என்றும் ஒரு யோசனை உண்டு. நுண்ணுயிர் வளர்க்கத் தட்டில் ஊற்றும் ஜெல்லை, அகார் என்ற கடற்பாசிப் பொருளில் செய்வது, வரைவில் 'அகார் கூழ்' என்று போட்டிருந்தேன். சேலம் ஆத்தூர்ப் பக்கத்துப் பள்ளியில் வாசித்துக் காட்டினால் ஒரு பிள்ளை, "தட்டைக் கவிழ்த்து வைக்கணும்னு எழுதியிருக்கீங்க, கூழ் கொட்டிடாதா சார்?" என்கிறாள்.

நியாயமான கேள்வி. மூடியில் கோக்கும் நீர்த்துளி நுண்ணுயிர்த் திட்டுகள் மேல் சொட்டிப் பரவக்கூடாது என்றுதான் தட்டைக் கவிழ்க்கிறோம். 100 மில்லி நீருக்கு ஒன்றரை கிராம் அகார், அந்தச் சொற்ப வலைப்பின்னல் அவ்வளவு நீரையும் பிடித்து நிறுத்துகிறது. இதைப் போய்க் கூழ் என்றால் பாடமே தப்பாகிவிடும். நம் ஊரில் கூழைக் கரைத்துக் குடிக்கிறோம், களியை உருண்டை பிடித்துத் தட்டில் வைக்கிறோம். அதனால்தான் களிமம் என்கிறேன். திண்மம், நீர்மம், வளிமம் என்ற வரிசையில் ஒட்டும், கொலாய்டுக்கு (பால் மாதிரி நுண்துகள் கலந்து நிற்கும் கலவை) கூழ்மம் ஏற்கெனவே இருக்கிறது, வினையும் கிடைக்கிறது: களியாதல். கிழங்கு மாவு குளிர்ந்த நீரில் பால் மாதிரி கலங்கி அடியில் படியும், ஜவ்வரிசி ஆலைத் தொட்டியில் இந்தப் பிள்ளைகள் பார்ப்பதுதான். அதே மாவு 60, 70 பாகை செல்சியஸ் சூட்டில் நீரை உறிஞ்சி ஊதிக் களியாகிறது. இதற்குத் தனி விளக்கம் வேண்டாம்.

ஐயா சொன்ன இழுது நல்ல சொல், இழுதுமீன் என்று கடலுயிருக்குப் பெயரும் உண்டு. 'இழு'விலிருந்து வந்தது என்ற வேர் விளக்கத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் பழம்பாடல்களில் அது நெய், வெண்ணெய். வெண்ணெய் கைச்சூட்டிலேயே இளகும், அகாரை எடுத்துக்கொண்ட காரணமே அது இளகாது என்பதுதான். நுண்ணுயிர் ஆய்வாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் முதலில் விலங்குப் புரதமான ஜெலட்டினில் நுண்ணுயிர்களை வளர்த்தார்கள், அது 37 பாகையில் உருகியது, சில நுண்ணுயிர்கள் அதையே தின்று நீராக்கின. 1881 வாக்கில், அங்கே வேலை செய்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, சமையலில் தாம் பழகிய அகாரைப் பயன்படுத்தச் சொன்னார். உருக 85 பாகை வேண்டும், உறைய 40க்குக் கீழே வரணும். அடுப்படியிலிருந்து வந்த பொருளுக்கு அடுப்படிச் சொல் பொருந்தாதா?

உறைமம் வேண்டாம். உறைதல் என்பதைப் பருப்பொருளின் நிலைகள் பாடத்தில் வேறு பொருளில் ஏற்கெனவே சொல்லிக்கொடுக்கிறோம், குழம்பும்.

மறுப்பு இருந்தால் வியாழனுக்குள் எழுதுங்கள்.

-----

தம்பி,

சேலம், தருமபுரிக்கு உங்கள் வாதம் சரி. தஞ்சைப் பக்கத்துப் பிள்ளைக்குக் களி என்றால் திருவாதிரைக் களி, அது உதிரும்! அவளுக்கு உங்கள் களிமம் என்ன சொல்லும்? போதாததற்குக் குறளில் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் களித்தான் என்றால் குடித்து மயங்கியவன். களிமண் வேறு பக்கத்தில் நிற்கிறது. இழுது என்பதில் இந்தக் கலப்பே இல்லை. இன்று யாருக்கும் தெரியாத சொல் என்பீர்கள், முப்பது ஆண்டுக்கு முன் கூழ்மம் மட்டும் தெருவில் புழங்கியதா? சொல்லிக்கொடுத்தோம், வந்தது.

குழுவில் பெரும்பாலோர் களிமம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள், அச்சுக்கு அப்படியே கொடுங்கள், நான் தடுக்கவில்லை. சொல்லடைவில் மட்டும் இழுது என்பதையும் பக்கத்தில் போடுங்கள். என் வாக்கு அதற்குத்தான்.