மறு: 'டிரேட்', 'எக்ஸிபிஷன் கேம்' – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். இழையை முழுவதும் படித்துவிட்டு எழுதுகிறேன். கூடைப்பந்துக்கென்று ஒரு சொற்பட்டியல் வேண்டும் என்று முதலில் கேட்ட நண்பருக்கு நன்றி. அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் ஆட்டங்களை விடியற்காலையில் எழுந்து பார்க்கிற கூட்டம் நம்மிடம் பெருகிவிட்டது. பார்த்ததைத் தமிழில் எழுத உட்கார்ந்தால்தான் கை தயங்குகிறது.

> எக்ஸிபிஷன் கேம் என்பதற்கு அகராதியில் 'கண்காட்சி ஆட்டம்' என்றே இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் என்பேன். ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல்லுக்குள் வேறு வேறு விஷயங்கள் அடைந்து கிடக்கின்றன. பிப்ரவரியில் நட்சத்திர வீரர்களைத் திரட்டி நடத்தும் ஆல்-ஸ்டார் ஆட்டமும் எக்ஸிபிஷன்தான், ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் அணி ஊர் ஊராகப் போய் வித்தை காட்டுவதும் எக்ஸிபிஷன்தான். இவற்றைக் 'காட்சி ஆட்டம்' என்று தாராளமாகச் சொல்லலாம், ஏனென்றால் நோக்கமே காட்சி. ஆனால் அக்டோபரில் நடப்பது அப்படியல்ல. பயிற்சி முகாம் முடிந்தும் முடியாமலும் அணிகள் சில ஆட்டங்கள் ஆடும். நடுவர் உண்டு, டிக்கெட் உண்டு, புள்ளிப்பலகை உண்டு. வென்றாலும் தோற்றாலும் 82 ஆட்டங்கள் கொண்ட லீக் பட்டியலில் அது ஏறாது, அவ்வளவுதான். நட்சத்திர வீரர்கள் முதல் பாதியில் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். நான்காவது கால் பகுதியில் களத்தில் நிற்பவர்களில் பலருக்கு, அடுத்த வாரம் இந்தச் சட்டை தங்கள் உடம்பில் இருக்குமா என்பதே தெரியாது. முகாமில் ஓர் அணி 21 பேர் வரை வைத்திருக்கலாம். சீசன் தொடங்கும்போது 15 பேரும், என்.பி.ஏ.வின் துணை லீகான ஜி லீகோடு பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தத்தில் 3 பேரும்தான் மிஞ்சுவார்கள். நான் அந்தக் கடைசிக் கால் பகுதிக்காகவே இந்த ஆட்டங்களைப் பார்க்கிறேன். முன்னணி வீரர் ஒருவர் ஜனவரியில் ஆடும் ஆட்டத்தைவிட, இடம் பிடிக்கத் துடிக்கும் ஒரு பையன் அங்கே தரையில் விழுந்து எடுக்கும் பந்து எனக்குப் பெரிது. அதைக் 'கண்காட்சி' என்று எழுத மனம் வரவில்லை.

யாழ்ப்பாணத்து நண்பர் 'சிநேகபூர்வ ஆட்டம்' என்று சொன்னார். ஈழத்துப் பத்திரிகைகளில் கால்பந்துக்கு அது நன்றாகப் பழகிய சொல். அதை அங்கேயே விட்டுவைக்கலாம் என்று நினைக்கிறேன். இரண்டு நாடுகள் சிநேகத்துக்காக ஆடும்போது அந்த ஆட்டமே நோக்கம். இங்கே நோக்கம் பின்னால் வரப்போகும் சீசன். 'பயிற்சி ஆட்டம்' கிரிக்கெட் செய்திகளில் ஊறிய சொல், தவறென்று சொல்ல முடியாது. ஆனால் கூடைப்பந்து அணிகள் கதவை மூடிக்கொண்டு தங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடுவதும் உண்டு. 'பயிற்சி ஆட்டம்' என்ற பெயரை அதற்கு வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

என் பரிந்துரை 'வெள்ளோட்டம்'. தெளிவு வேண்டும் இடத்தில் 'வெள்ளோட்டப் போட்டி'. புதுத்தேர் செய்தாலோ பழைய தேரைச் செப்பனிட்டாலோ, திருவிழாவுக்கு முன்னால் சாமியை ஏற்றாமல் வீதியில் இழுத்துப் பார்ப்பார்களே, அதுதான். வடம் உண்மை, கூட்டம் உண்மை, அச்சில் விழும் பாரமும் உண்மை. திருவிழா மட்டும் இன்னும் தொடங்கவில்லை. 2012 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணி இந்த ஆட்டங்கள் எட்டிலும் தோற்றது. நட்சத்திர வீரர்களான டுவைட் ஹவர்டும் ஸ்டீவ் நாஷும் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார்கள். கணக்கில் வராத தோல்விகள்தானே என்று சொன்னவர்கள் நிறையப் பேர். சீசன் தொடங்கி ஐந்தே ஆட்டங்களில் பயிற்சியாளர் மைக் பிரவுனை வெளியேற்றினார்கள். கடைசியில் 45 வெற்றி, 37 தோல்வி, பிளே-ஆஃப் முதல் சுற்றோடு வெளியே. எல்லா அணிக்கும் இது பொருந்தாது, வெள்ளோட்டத்தில் சொதப்பிவிட்டுச் சீசனில் கலக்கிய அணிகளும் உண்டு. ஆனாலும் அச்சு முனகுகிறதா என்று காது கொடுத்துக் கேட்கத்தானே வெள்ளோட்டம்!

ஒரு நண்பர், 'ஓட்டம்' கிரிக்கெட்டில் ரன் ஆயிற்றே, விளையாட்டுப் பக்கத்தில் குழப்பாதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. கூடைப்பந்தில் எண்ணுவது புள்ளி என்பதால் இங்கே குழப்பாது என்று நம்புகிறேன். கிரிக்கெட்டுக்கு இதை நான் பரிந்துரைக்கவில்லை. 'முன்பருவ ஆட்டம்' பற்றியும் ஒரு வார்த்தை: பருவம் என்றால் நமக்கு மழையும் வயதும்தான் முதலில் வரும். குற்றாலத்துக்கே சீசன் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தச் சொல்லை விட்டுவிடலாம்.

சரி, டிரேடுக்கு வருகிறேன், அதாவது ஓர் அணி தன் வீரரை இன்னோர் அணிக்குக் கொடுத்துப் பதிலுக்கு வாங்கிக்கொள்வது. எனக்கு இதுதான் முக்கியம்.

இழையில் வந்தவை: வணிகம், பண்டமாற்று, பரிமாற்றம், இடமாற்றம், கைமாற்று, அணி மாற்றம், தாவல். இவற்றில் 'கைமாற்று' வட்டியில்லாமல் வாங்கும் சின்னக் கடன், அது உடனே போகட்டும். 'பண்டமாற்று' என்று சொன்ன ஐயா, நடப்பதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்கிறார். வீரர்களைச் சரக்காகத்தானே நடத்துகிறார்கள் என்பது அவர் வாதம். அவர் கோபம் எனக்குப் புரிகிறது, அதில் எனக்கும் பங்குண்டு. ஆனால் கலைச்சொல் தினமும் எழுதப்படும் சொல். ஒரு மனிதனைப் பண்டம் என்று ஆயிரம் முறை எழுதினால் வாசகனுக்குக் கோபம் வராது, பழகிப்போய்விடும். 'அணி மாற்றம்' நல்ல சொல்தான், ஆனால் நாளிதழில் 'இந்திய அணியில் 2 மாற்றம்' என்று வந்தால் அன்றைய பதினொருவரில் இரண்டு பேர் மாறியிருக்கிறார்கள் என்று பொருள். அந்த இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது.

இந்த விளையாட்டில் ஒருவர் சட்டை மாறுவதற்கு முக்கியமாக இரண்டு வழி. ஒன்று, ஒப்பந்தம் முடிந்து அவரே வேறு அணியோடு கையெழுத்திடுவது. இன்னொன்று, ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போதே, நிர்வாகம் அவரை ஒப்பந்தத்தோடு சேர்த்து இன்னோர் அணிக்குக் கொடுப்பது. அவருடைய சம்மதத்தைக் கேட்கவே வேண்டியதில்லை. மறுக்கும் உரிமை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டவர்கள் லீக் முழுவதும் ஒரு சிலர்தான். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாத எந்தச் சொல்லும் நமக்கு உதவாது.

பிரித்துச் சொல்லும் கருவி நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. மாறு, மாற்று. தன்வினை, பிறவினை. அவர் 'அணி மாறினார்', அவரை 'அணி மாற்றினார்கள்'. ஒரு வல்லெழுத்து இரட்டித்ததில் யார் கையில் முடிவு இருந்தது என்பது தெரிந்துவிடுகிறது. டிரேடுக்கு 'அணிமாற்று' என்றும், வீரர் தானே போவதற்கு 'அணிமாறல்' என்றும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு.

நமக்குப் பக்கத்தில் நடந்த ஆட்டத்தையே வைத்துச் சோதித்துப் பார்ப்போம். 2019 அக்டோபர் 4, 5 தேதிகளில் மும்பை ஒர்லியில் இந்தியானா பேசர்ஸும் சாக்ரமென்டோ கிங்ஸும் இரண்டு வெள்ளோட்டப் போட்டிகள் ஆடின. இந்திய மண்ணில் நடந்த முதல் என்.பி.ஏ. ஆட்டங்கள் அவை. முதல் நாள் பள்ளிப் பிள்ளைகளால் அரங்கம் நிறைந்திருந்தது. கூடுதல் நேரம் வரை போய் பேசர்ஸ் 132-131 என்று வென்றது. லீக் பட்டியலில் ஏறாத அந்த ஒரு புள்ளி வித்தியாசத்துக்கு அந்தப் பிள்ளைகள் போட்ட கூச்சலைக் கேட்டவர்கள் வெள்ளோட்டத்தைச் சாதாரணமாக நினைக்க மாட்டார்கள். அன்றைக்கு பேசர்ஸ் அணியில் இருந்தவர்களில் இருவர் டொமான்டாஸ் சபோனிஸ், மைல்ஸ் டர்னர். கிங்ஸ் பக்கம் டி'ஆரன் ஃபாக்ஸ், படி ஹீல்ட்.

2022 பிப்ரவரியில் சபோனிஸை கிங்ஸுக்குக் கொடுத்துவிட்டு, டைரிஸ் ஹாலிபர்டனையும் ஹீல்டையும் பேசர்ஸ் வாங்கியது. வேறு சிலரும் அதில் கைமாறினார்கள். மும்பையில் எதிரெதிரே நின்ற இரண்டு அணிகளுக்கு நடுவிலேயே நடந்த அணிமாற்று. அடுத்த ஆண்டே கிங்ஸ் 16 சீசன் வறட்சியை முடித்து பிளே-ஆஃபுக்குப் போனது. 2025-இல் பேசர்ஸ் இறுதிச்சுற்றில் ஏழாவது ஆட்டம் வரை போய் ஒக்லஹோமா சிட்டியிடம் தோற்றது. இரு தரப்புக்கும் பயன் தந்த அணிமாற்று அபூர்வம், இது அந்த வகை. ஃபாக்ஸையும் 2025 பிப்ரவரியில் சான் அன்டோனியோவுக்கு அணி மாற்றினார்கள். டர்னர் கதைதான் வேறு. அவர் பெயர் எத்தனையோ ஆண்டுகள் அடிபட்டது. ஒவ்வொரு பிப்ரவரியிலும் அவரை அனுப்பிவிடுவார்கள் என்றே பேச்சு. அனுப்பவே இல்லை. 2025 ஜூலையில் ஒப்பந்தம் முடிந்ததும் அவரே மில்வாக்கிக்குப் போனார். ஆக, சபோனிஸ் அணி மாற்றப்பட்டார், டர்னர் அணி மாறினார். ஆங்கிலத்தில் 'டிரேட்', 'ஃப்ரீ ஏஜென்சி' என்று தொடர்பே இல்லாத இரண்டு சொற்களில் சொல்வதை நாம் ஒரே வேரில் சொல்லிவிட்டோம். டர்னரைப் பற்றி 'தாவினார்' என்று எழுதக்கூடாது என்று இந்த இடத்தில் அழுத்திச் சொல்கிறேன். தாவல் கட்சி அரசியலின் சொல், அதில் துரோக வாடை இருக்கிறது. ஒப்பந்தக் காலம் முழுவதும் உழைத்துக் கொடுத்துவிட்டுப் போனவருக்கு அது பொருந்தாது.

'அணிமாற்று' கூட்டுச்சொற்களுக்கும் வளைந்து கொடுக்கிறது. பிப்ரவரிக் கடைசித் தேதிக்கு 'அணிமாற்றுக் கெடு'. வீரரே தன்னை அனுப்பச் சொல்லிக் கேட்டால் 'அணிமாற்றுக் கோரிக்கை'. இதைப் பகிரங்கமாகக் கேட்டால் அபராதம் உண்டு, 2019-இல் ஆன்டனி டேவிஸுக்கு 50,000 டாலர் விதித்தார்கள். மறுக்கும் உரிமைக்கு 'அணிமாற்று மறுப்புரிமை'. ஐ.பி.எல். ரசிகர்களுக்கும் இது உதவும். 2025 நவம்பரில் சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்து ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போனபோது, தமிழ்ச் செய்திகளில் 'டிரேட்' என்ற சொல்தான் திரும்பத் திரும்ப வந்தது.

கடைசியாக 'டிரேட் ரூமர்'.

> வதந்தி என்ற நல்ல சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

வதந்தி என்றாலே 'நம்ப வேண்டாம்' என்று காவல்துறை அறிக்கை கூடவே வந்துவிடுகிறது. புரளி அதைவிட மோசம். ஆனால் அணிமாற்றைப் பற்றி வரும் பேச்சுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார். முகவர் விலையை ஏற்றக் கசியவிடுவார், நிர்வாகம் ஆழம் பார்க்கக் கசியவிடும். வெளிப்படையாகப் பேசவும் முடியாது. மற்ற அணியின் வீரரைப் பற்றி வாயைத் திறந்தாலே குற்றம். 2018-இல் லேக்கர்ஸ் நிர்வாகத்தில் இருந்த மேஜிக் ஜான்சன், மில்வாக்கியின் நட்சத்திர வீரர் யானிஸை ஒரு பேட்டியில் புகழ்ந்துவிட்டார் என்பதற்காக அந்த அணிக்கு 50,000 டாலர் அபராதம். அதனால்தான் எல்லாமே 'பெயர் சொல்ல விரும்பாத' வட்டாரம் வழியாக வருகிறது. 2023 ஜூலையில் போர்ட்லண்ட் வீரர் டேமியன் லில்லர்ட் தன்னை மயாமிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டார். கோடை முழுவதும் அதே பேச்சு. செப்டம்பர் 27 அன்று அவர் போனது மில்வாக்கிக்கு. அந்தப் பேச்சு பொய்யா? அவர் மயாமியைக் கேட்டது உண்மை, நடக்கவில்லை என்பதும் உண்மை. வதந்தி என்ற சொல் இதைத் தாங்காது. 2025 பிப்ரவரியில் நேர்மாறாக நடந்தது. டல்லஸ் அணியின் நட்சத்திரம் லூக்கா டான்சிச் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. டல்லஸ் அவரை லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டது என்று செய்தியாளர் ஷாம்ஸ் சரானியா அறிவித்தபோது, அவருடைய சமூக ஊடகக் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்றே பலர் நினைத்தார்கள்.

ஆசிரியரம்மா ஒருவர் 'அலர்' என்று எழுதியிருந்தார். படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. சிலர் மட்டும் தங்களுக்குள் முணுமுணுப்பது அம்பல், ஊரறியப் பேசுவது அலர் என்ற அகத்திணைப் பிரிவு இங்கே அச்சாகப் பொருந்துகிறது. அதோடு, அலருக்குப் பின்னால் ஓர் உண்மை எப்போதும் உண்டு. ஆனாலும் காலையில் ஆட்டச் செய்தி படிக்கும் பள்ளி மாணவர் 'அலர்' என்றால் பூ என்று நினைப்பார், அல்லது ஒன்றும் புரியாமல் தாண்டிப் போய்விடுவார். என் ஓட்டு எளிமையாக 'அணிமாற்றுப் பேச்சு' என்பதற்கு. 'பெயர் அடிபடுகிறது' என்ற வினை நம்மிடம் முன்பே இருக்கிறது, அதற்கு இணையான பெயர்ச்சொல் இது. நிர்வாகங்கள் உட்கார்ந்து பேசுவதைப் 'பேச்சுவார்த்தை' என்று முழுமையாக எழுதிவிட்டால் இரண்டும் மோதாது. 'டர்னர் பெயரில் அணிமாற்றுப் பேச்சு', 'கிங்ஸ் - பேசர்ஸ் பேச்சுவார்த்தை' என்று தலைப்பாக எழுதிப் பாருங்கள், எனக்குத் தடையில்லாமல் படிக்க முடிகிறது. அலரை விடவே மனமில்லை என்பவர்கள் பத்தி எழுத்தில் பயன்படுத்துங்கள், நான் முதலில் படிப்பேன்.

'வெள்ளோட்டப் போட்டி', 'அணிமாற்று', 'அணிமாறல்', 'அணிமாற்றுப் பேச்சு' ஆகிய நான்கையும் பட்டியலில் சேர்க்கலாமா என்று இந்த இழையிலேயே சொல்லுங்கள். மறுப்பு இருந்தால் ஒரு செய்தி வாக்கியத்தில் வைத்துக் காட்டினால் உதவியாக இருக்கும். அணிகள் புது வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் புதுமுகத் தேர்வில் (டிராஃப்ட்) வரும் 'பிக்' என்பதற்கு நான் 'தேர்வுரிமை' என்று எழுதி வருகிறேன். சம்பள உச்சவரம்பை ஒட்டிய 'டிரேட் எக்செப்ஷன்' போன்றவற்றுக்கு என்னிடம் சொல் இல்லை, கணக்கு தெரிந்த நண்பர் யாராவது தனி இழை தொடங்க வேண்டும்.

அன்புடன்,
ஒரு பேசர்ஸ் ரசிகன்