பேட்டியோவுக்குத் தமிழ்: கற்றளமா, கல் பாவிய முற்றமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வீட்டுக்குப் பின்னால் தட்டைக் கற்களைக் கொண்டு தாமே தரை அமைப்போருக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மண்ணைத் தோண்டி, நான்கு அங்குலம் ஜல்லி கொட்டித் திமிசால் இடித்து, மேலே ஓர் அங்குலம் மணல் பரப்பி, ரசமட்டம் வைத்துக் கல்லை அமர்த்துவது வரை தமிழ் தங்குதடையின்றி வந்தது. நீர் வடியும் சரிவுக்கு ‘வாட்டம்’ இருக்கிறது; அடிக்குக் கால் அங்குலம், சுவரிலிருந்து வெளிப்பக்கமாக. அந்தத் தட்டைக் கல்லான ஃபிளாக்ஸ்டோன், அதைப் பதித்த திறந்த தரையான பேட்டியோ இரண்டுக்கும்தான் சொல் அகப்படவில்லை. பழைய மொழிபெயர்ப்பில் ‘கொடிக்கல்’ என்று இருக்கிறது.
— செ.

கொடிக்கல்லா! வெற்றிலைக் கொடிக்கால் என்று எண்ணி வாசகர் அகத்தி நடப் போகிறார். இந்த ‘ஃபிளாக்’ கொடியே அன்று. கற்பலகையைக் குறித்த பழைய நார்ஸ் சொல்லின் வழிவந்தது. ‘பலகைக்கல்’ போதும். பேட்டியோவுக்கு ‘முன்றில்’ இருக்க வேறென்ன வேண்டும்? இல்முன் என்பது முன்றில் ஆனதற்குத் தொல்காப்பியமே விதி சொல்கிறது.
— ந.

ஐயா, பலகைக்கல்லுக்கு என் வாக்கும் உண்டு. ஆனால் முன்றில் வீட்டுக்கு முன்னால் இருப்பது. கையேடு பேசுவது கொல்லைப்புறத்தைப் பற்றி. ‘பின்றில்’ என்று புணர்த்திவிடலாமா?
— ம.

> பின்றில்

கேலி வேண்டாம் அம்மா. முன்றில் வேண்டாமென்றால் கற்றளம். கல்லும் தளியும் சேர்ந்து கற்றளி, அதாவது கற்கோயில், ஆயிற்று. கல்லும் தளமும் சேர்ந்தால் கற்றளம். செறிவான சொல், ஐந்தே எழுத்து.
— ந.

கட்டட வேலையை மேற்பார்வை பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கொத்தனாருக்குத் ‘தளம் போடுவது’ என்றால் மேலே கான்கிரீட் போடுவது. படித்தவர்களுக்கோ தளம் என்றாலே இணையத்தில் இருப்பது. இதில் கற்றளம் என்றால் யாரோ எதையோ கற்றதாகத்தான் காதில் விழும். தரையில் கல் பதிப்பதற்குக் ‘கல் பாவுதல்’ என்று ஏற்கெனவே வழக்கு இருக்கிறது. ‘கல் பாவிய முற்றம்’ என்று எழுதுங்கள். தோண்டுகிறவருக்கும் புரியும், தோண்டச் சொல்கிறவருக்கும் புரியும்.
— இரா.

பாவுதல் அருமையான வேர். பா என்றால் பரப்பு. நெசவில் நீளவாட்டு இழை பாவு. விரிப்பது பாய். பரவை கடல். பாட்டுக்குப் பா என்ற பெயரும் ஓசை பரந்து செல்வதால்தான் என்பது என் நெடுநாள் கருத்து. பாவைக்கும் இதுவே வேர் என்று காட்ட முடியும், தனி மடலில்...
— த.

பாவையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எனக்கு இன்னொரு சிக்கல். இரண்டு அங்குலக் கனமுள்ள கல்லை மணலிலேயே அமர்த்தலாம். மெல்லிய கல்லை அப்படி வைத்தால் கால்பட்டு விரிசல் விடும், கீழே கான்கிரீட் இட்டுச் சாந்தில்தான் பதிக்க வேண்டும். இந்த இரு முறைகளுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும். கற்றளத்திலிருந்து அவற்றை எப்படி எடுப்பது?
— செ.

‘மணற்பாவல்’, ‘சாந்துப்பாவல்’. வினை கையில் இருந்தால் இதுதான் வசதி.
— ம.

எழுதிய ஐவரில் நால்வர் பாவுதல் பக்கம். தொடருக்குள் ‘கல் பாவிய முற்றம்’, அட்டவணைத் தலைப்பில் இடம் போதாததால் ‘பாவுமுற்றம்’ என்று அனுப்புகிறேன். ‘பலகைக்கல்’லை யாரும் மறுக்கவில்லை. நன்றி.
— செ.

அது என்ன பாவுமுற்றம்? முற்றமா பாவுகிறது? வினைத்தொகையில் ஊறுகாய் ஊறுகிறது, சுடுசோறு சுடுகிறது. இங்கே பாவப்படுவது கல். மேலும், பெயரெச்சம் வைத்து எழுதியது விளக்கம். அது கலைச்சொல் ஆகாது. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.
— ந.

ஐயா, ஊறுகாய் சரி. குடிநீர் எதைக் குடிக்கிறது?
— ம.