அப்பாவுக்கு ரெஃபரல் கடிதம் கேட்பது எப்படி?

வணக்கம். அப்பாவுக்கு இதயத்தின் பம்ப் செய்யும் திறன் 20 சதவீதம்தான். இந்த வருடம் மட்டும் மூன்று முறை மூச்சுத்திணறலோடு அட்மிட் ஆகிவிட்டார். ராத்திரி மூன்று தலையணையை அடுக்கி, பாதி உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறார். நீர் மாத்திரை ஏறிக்கொண்டே போகிறது. இரத்த அழுத்தம் 90க்குக் கீழே இறங்குவதால் மற்ற மாத்திரைகளைக் குறைத்துவிட்டார்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவும் இரத்தத்தில் கூடுகிறது.

இந்த நிலையில் இதய மாற்று அறுவை சிகிச்சை, இதயத்துக்கு உதவும் செயற்கை பம்ப் பற்றி முடிவெடுக்கும் சிறப்புக் குழுவிடம் சீக்கிரமே காட்ட வேண்டும், சிறுநீரகம் கெட்ட பிறகு போனால் அந்த வழிகள் அடைபடலாம் என்று படித்தேன். அதுதான் பயம். எங்கள் டாக்டர் அக்கறையானவர்தான், ஆனால் “பார்க்கலாம்” என்கிறார். அவர் மனம் நோகாமல், அந்தக் குழுவிடம் அனுப்பும் ரெஃபரல் கடிதத்தைக் கேட்பது எப்படி? எக்கோ (இதய ஸ்கேன்) தவிர என்னென்ன ரிப்போர்ட் கொண்டுபோக வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.