எங்கள் குடும்பக் குழு: பெரு பயணத்தைப் பற்றிய பேச்சு

இளங்கோ: அக்கா, அடுத்த ஆண்டு ஜூன் மாதம் நானும் நித்யாவும் பெரு செல்வதாக முடிவு செய்திருக்கிறோம். பயண முகவர் அனுப்பிய திட்டத்தில், லிமாவில் இறங்கிய அன்றே குஸ்கோவுக்கு விமானம், மறுநாள் இன்கா காலத்து மலை நகரமான மச்சு பிச்சு, அதற்கடுத்த நாள் ஊர் திரும்புதல் என்று இருக்கிறது. நீங்கள் இப்போது அங்கேயே இருப்பதால், முன்பணம் கட்டுவதற்குள் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மலர்விழி: அந்தத் திட்டத்துக்குப் பணம் கட்டாதே, இளங்கோ. லிமா கடற்கரை நகரம். குஸ்கோ சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒன்றரை மணி நேரத்துக்குள் அவ்வளவு உயரத்துக்குப் போய் இறங்கினால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று உடம்பு படுத்திவிடும். குஸ்கோ விமான நிலையத்திலிருந்து நேராக உருபம்பா பள்ளத்தாக்குக்கு இறங்கி, ஒல்லாந்தாய்தம்போ என்ற ஊரில் சில இரவுகள் தங்குங்கள். அது சுமார் 2,800 மீட்டர்தான். மச்சு பிச்சு அதைவிடவும் தாழ்வு, 2,430 மீட்டர். உடம்பு பழகிய பிறகு குஸ்கோவுக்கு ஏறி வரலாம்.

வசந்தி அத்தை: இளங்கோ, புறப்படுவதற்கு முன் மருத்துவரைப் பார்த்து, உயரத்துக்கான மாத்திரை வேண்டுமா என்று கேட்டுக்கொள். மலர், அங்கே ஏதோ இலையில் தேநீர் போட்டுக் குடிப்பார்கள் என்று படித்தேன். அதில் கொஞ்சம் இங்கே எடுத்து வர முடியுமா?

மலர்விழி: அது கோக்கா இலை, அத்தை. மலை மக்களுக்கு அது விருந்தோம்பலின் அடையாளம். நிலத்தாய்க்குப் படைப்பதும் அதைத்தான். எங்கு போனாலும் முதலில் ஒரு கோப்பை கொடுப்பார்கள், நானும் குடிக்கிறேன். ஆனால் நம் நாட்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கோக்கா இலை தடை செய்யப்பட்டது. ஒரு பொட்டலம்கூட எடுத்து வரக் கூடாது. இளங்கோவும் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சேகர் சித்தப்பா: மலர், நான் பொதுப்பணித் துறையில் இருந்தவன் என்பதால் கேட்கிறேன். ஒல்லாந்தாய்தம்போவின் கல் வேலையைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். நேரில் பார்க்கும்போது எப்படி இருக்கிறது?

மலர்விழி: ஸ்பானியர் வருவதற்கு முன் இங்கே ஆண்ட இன்காக்கள் கட்டிய கோட்டை அது. அதன் மேல் தளத்தில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஆறு பெருங்கற்கள் நெட்டையாக நிற்கின்றன, சித்தப்பா. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒடுக்கமான கல் பட்டை ஒன்றைச் செருகியிருக்கிறார்கள்; இணைப்பில் நகம் நுழைய இடமில்லை. அந்தக் கற்கள் எதிர்மலையில் இருக்கும் கச்சிகாத்தா குவாரியில் வெட்டப்பட்டவை. மலைச்சரிவில் இறக்கி, ஆற்றைக் கடத்தி, மறுபடியும் இந்தப் பக்கம் மேலே ஏற்றியிருக்கிறார்கள். கொண்டுவர முடியாமல் பாதி வழியில் விட்டுப்போன கற்களை இன்றும் காணலாம். 1536-37 எழுச்சியின்போது இன்கா மன்னர் மாங்கோ இன்கா இந்தக் கோட்டையில் நின்றுதான், கீழே சமவெளியில் தண்ணீரைத் திறந்துவிட்டு ஸ்பானியக் குதிரைப்படையைப் பின்வாங்க வைத்தார். ஆனால் என் மனத்தில் அதிகமாக நின்றது கீழே இருக்கும் ஊர்தான். இன்கா காலத்துத் தெருக்களிலும் வீட்டு மனைகளிலும் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. தெருவோரக் கல் வாய்க்காலில் மலைத் தண்ணீர் இப்போதும் ஓடுகிறது.

இளங்கோ: குஸ்கோவைச் சுற்றி வேறு எதைத் தவறவிடக் கூடாது, அக்கா?

மலர்விழி: கெஸ்வாச்சாக்கா புல் பாலம். எதை விட்டாலும் அதை விடாதே. குஸ்கோவிலிருந்து தெற்கே மூன்று நான்கு மணி நேரம் சாலையில் போக வேண்டும். அபுரிமாக் ஆற்றின் குறுக்கே, ஏறத்தாழ 28 மீட்டர் நீளத்துக்கு, முழுக்க முழுக்கப் புல்லால் திரித்த கயிற்றில் தொங்கும் பாலம் அது. இன்கா பேரரசின் சாலைகளில் இத்தகைய பாலங்கள் பல இருந்தன. வின்ச்சிரி, சௌபிபாண்டா, சொக்காய்வா, கொல்லானா கேவே ஆகிய நான்கு கெச்சுவா மொழி பேசும் மலைச் சமூகங்கள் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் ஒன்றுகூடி, பழைய பாலத்தை அறுத்து ஆற்றில் விட்டுவிட்டுப் புதிதாகக் கட்டுகின்றன. இந்த ஆண்டு அதைப் பார்க்கும் பேறு எனக்குக் கிடைத்தது.

சேகர் சித்தப்பா: புல்லால் எப்படி அவ்வளவு பாரம் தாங்க வைக்கிறார்கள்?

மலர்விழி: திரிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது, சித்தப்பா. கட்டும்போது பெண்கள் பாலத்தருகே போகக் கூடாது என்பது அவர்களுடைய மரபு. அதனால் நான் மேட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். மலைப்புல்லை நனைத்து, கல்லால் தட்டி மென்மையாக்கி, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி உருட்டிச் சிறு கயிறாக்குகிறார்கள். ஒரு பிடி தீரும் இடத்தில் அடுத்த பிடியைச் செருகும் வேகத்தில், எங்கே ஒட்டினார்கள் என்றே கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு குடும்பமும் தன் பங்குக் கயிற்றைக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆண்கள் அவற்றைச் சேர்த்து முறுக்கி, பின்னிப் பெரிய வடங்களாக்குகிறார்கள். நம் ஊர்த் தேர்வடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடக்கும் தளத்துக்கு நான்கு வடம், கைப்பிடிக்கு இரண்டு. கரைகளில் உள்ள கல் மேடைகளில் அவற்றை இழுத்துக் கட்டிய பிறகு, தேர்ந்த பாலக்காரர்கள் இரு கரையிலிருந்தும் பக்கவாட்டைப் பின்னிக்கொண்டே வந்து நடுவில் சந்திக்கிறார்கள். மூன்று நாள் வேலை, நான்காம் நாள் திருவிழா.

சேகர் சித்தப்பா: பக்கத்திலேயே இரும்புப் பாலம் இருப்பதாகப் படங்களில் தெரிகிறது. அப்படியானால் இது பயணிகளுக்காக நடத்தப்படும் காட்சியாக மாறிவிட்டதோ என்ற ஐயம் எனக்கு வருகிறது.

மலர்விழி: எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது, சித்தப்பா. யுனெஸ்கோ 2013இல் இந்த மரபைத் தன் பண்பாட்டு மரபுகள் பட்டியலில் சேர்த்த பிறகு பயணிகள் வருகிறார்கள். அந்த வருமானமும் மக்களுக்குத் தேவைதான். ஆனால் 2020இல் கொரோனா காரணமாகப் பாலத்தைப் புதுப்பிக்க முடியவில்லை. நைந்துபோன பாலம் 2021 மார்ச்சில் அறுந்து விழுந்தது. வெளிநாட்டுப் பயணம் முடங்கிக் கிடந்த அந்த ஆண்டு ஜூனிலேயே ஊர் மக்கள் கூடி மறுபடியும் கட்டி முடித்தார்கள். பார்வையாளர் கூட்டத்துக்காக மட்டும் செய்கிறவர்கள் அப்போது காத்திருந்திருப்பார்கள். இந்தக் கட்டும் முறை அவர்களுக்கு முன்னோர் கொடுத்த கடமை என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

வசந்தி அத்தை: படிக்கும்போதே மனம் நிறைகிறது. அந்த மக்களுக்குச் சங்கடம் இல்லாமல் பார்த்து வருவது எப்படி என்று இளங்கோவுக்குச் சொல்லிக் கொடு, மலர்.

மலர்விழி: கேட்காமல் யாரையும் படம் எடுக்கக் கூடாது, அத்தை. சமூகம் வசூலிக்கும் நுழைவுத் தொகையில் பேரம் பேசக் கூடாது. நெசவுத் துணி வாங்குவதானால், சின்செரோ போன்ற ஊர்களில் நெய்தவர் கையிலேயே பணத்தைக் கொடுப்பது நல்லது. மச்சு பிச்சுவுக்குப் போகும் இன்கா மலைப்பாதையில் நடப்பதாக இருந்தால், சுமை தூக்கும் தொழிலாளர்களுக்குச் சட்டப்படி கூலியும் எடை வரம்பும் கொடுக்கும் நிறுவனமா என்று முதலில் விசாரிக்க வேண்டும். மச்சு பிச்சுவையும் இதே கண்ணோடு பாருங்கள். 1911இல் அமெரிக்க ஆய்வாளர் ஹிராம் பிங்காம் அங்கே ஏறியபோது, உள்ளூர் உழவர்கள் அந்தப் படிக்கட்டு வயல்களில் பயிர் செய்துகொண்டிருந்தார்கள். வழிகாட்டி அழைத்துப் போனவரும் உள்ளூர்க்காரரே. கண்டுபிடித்தவர் என்று ஒருவர் பெயரை மட்டும் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இளங்கோ: அப்படியானால் ஜூன் முதல் வாரத்தில் வந்து இறங்கி, பள்ளத்தாக்கில் தங்கி, மச்சு பிச்சு பார்த்துவிட்டு, அதன் பிறகு குஸ்கோ வழியாகப் பாலத்துக்குப் போகும்படி திட்டத்தை மாற்றச் சொல்கிறேன்.

மலர்விழி: சரியான வரிசை. பாலம் கட்டுவது பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில் நடக்கும். தேதியை உறுதி செய்துகொண்டு விமானச் சீட்டு எடு. பாலம் மச்சு பிச்சுவைவிட ஓராயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால், கம்பளி உடை கட்டாயம். மச்சு பிச்சுவுக்கு நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று வரம்பு இருக்கிறது, அனுமதிச்சீட்டில் பாஸ்போர்ட் எண்ணும் பதிவாகும். நித்யாவின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தால், அதை முதலில் முடித்துவிடுங்கள்.