பாஸ் போட்டது பள்ளிக்கூடம், இடம் கொடுத்தது கல்லூரி, பிரிட்ஜ் கோர்ஸ் பணம் மட்டும் நாங்களா?

தாராவி, 90 அடி சாலை

என் தம்பி மும்பை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பத்தாவது வரை படித்தான். கணக்கில் 81. பாலிடெக்னிக்கில் டிப்ளமா சேர்ந்த முதல் செமஸ்டரிலேயே கணக்கில் 19 வாங்கினான். கெட்ட சகவாசம்தான் காரணம் என்று அம்மா முடிவே கட்டிவிட்டார்.

ஒருநாள் ராத்திரி அவன் நோட்டை எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதிய பட்டியல் ஒன்று இருந்தது. நியூமரேட்டர், எதிரே தொகுதி. டினாமினேட்டர், எதிரே பகுதி. குவாட்ரட்டிக், எதிரே இருபடி. இப்படி நாற்பது ஐம்பது சொற்கள். பாதிக்கு எதிரே வெறும் கேள்விக்குறி. சார் சொல்வது காதில் எப்படி விழுந்ததோ அப்படியே தமிழில் எழுதி வைத்திருக்கிறான், அப்புறம் யாரையாவது கேட்டுக்கொள்ளலாம் என்று. கேட்கத்தான் ஆள் இல்லை. பின்னக் கணக்கு அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதையே இங்கிலீஷில் சொன்னால் எதைச் சொல்கிறார்கள் என்று பிடிபடவில்லை.

கல்லூரியில் போய்க் கேட்டேன். அடிப்படை சரியில்லாத பிள்ளைகளுக்குக் காலை 7 மணிக்கு பிரிட்ஜ் கோர்ஸ் நடக்கிறது, அதற்குத் தனியாக 4,500 ரூபாய் என்றார்கள். கேடி விழுந்த, அதாவது ஃபெயிலாகி மறுபடி எழுதவேண்டிய, மூன்று பேப்பருக்கும் பரீட்சைக் கட்டணம் வேறு. அப்பா இட்லி வியாபாரம். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு பற்றவைக்கும் வீடு எங்களுடையது. என் சம்பளத்தில் கட்டிவிட்டு அந்த மாதம் வாடகைக்குத் தவணை சொன்னேன்.

அவனைப் பத்து வருடம் படிக்கவைத்தது அரசாங்கம். பாஸ் என்று சான்றிதழ் கொடுத்ததும் அரசாங்கம். அந்த மார்க்கைப் பார்த்து இடம் கொடுத்தது கல்லூரி. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தைத் தூர்க்கிற செலவு மட்டும் எப்படி எங்கள் தலையில் விழுந்தது? உங்கள் வீட்டிலும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஆன்டாப்ஹில், ஓய்வுபெற்ற ஆசிரியர்

அம்மா, உன் தம்பியைப் போன்ற பிள்ளைகளுக்கு 29 வருடம் கணக்கு எடுத்தவன் நான். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, அதில் தமிழும் ஒன்று. பெருமையான விஷயம்தான். ஆனால் என்னிடம் படித்தவர்களில் ஒருவர்கூடப் பதினொன்றாவதை இங்கே தமிழில் படித்ததில்லை. பத்தோடு அந்தச் சாலை முடிந்துவிடுகிறது.

பள்ளிக்கூடமே அந்தப் பணத்தைக் கட்டட்டும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு வருடம் எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் கணக்கு, அறிவியல் இரண்டையும் நான் ஒருவனே எடுத்தேன். தேர்தல் வேலை வந்தால் அதற்கும் போகவேண்டும். அந்தப் பள்ளிக்கு வரும் பணத்திலும் கைவைத்தால் அடுத்த வருடத்துப் பிள்ளைகள் இன்னும் பெரிய பள்ளத்தில் விழுவார்கள். கொடுக்கவேண்டியது மாநில அரசு, பள்ளிப் பணத்தைத் தொடாமல்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இரண்டு வருடம் கரும்பலகையில் தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்திலேயே இங்கிலீஷ் சொல்லையும் எழுதிப் போட்டுவந்தேன். பாடம் பின்தங்குகிறது என்று மேலே சொன்னார்கள், விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது. இப்போது உன் தம்பி பட்டியலைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.

சயான்

எனக்கும் இதே கதை, எம்-ஒன் என்கிற முதல் கணக்குப் பேப்பர், மெக்கானிக்ஸ் இரண்டும் கேடி. தனியார் கிளாஸுக்கு அம்மாவின் வளையல் போனது. வேறு என்ன சொல்ல.

செம்பூர், விரிவுரையாளர்

பணம் வாங்காமல் நடந்த வகுப்பையும் பார்த்திருக்கிறேன். 11ஆவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (2007-2012) எஸ்சி, எஸ்டி, ஓபிசி, சிறுபான்மை மாணவர்களுக்கு ரெமிடியல் கோச்சிங், அதாவது பாடத்தில் பின்தங்கியவர்களுக்கான கூடுதல் வகுப்பு, நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கல்லூரிகளுக்கு நிதி கொடுத்தது. நான் அதில் இங்கிலீஷ் எடுத்தேன். மாணவர்கள் ஒரு பைசா தரவேண்டியதில்லை. முதல் நாள் 40 பேர். மூன்றாவது வாரம் 11 பேர்.

நின்றுபோன ஒரு பையனை கேன்டீன் வாசலில் பிடித்துக் கேட்டேன். "மேடம், 4.20 லோக்கலை விட்டால் குர்லாவில் வேலைக்குப் பாதி நாள் சம்பளம் போகும்" என்றான். வகுப்பு மாலை 4 மணிக்கு. கட்டணம் இல்லைதான், ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்கான விலையை அவன்தானே கொடுத்தான்? காலேஜ் நேரத்துக்குள், டைம்டேபிளிலேயே இதற்கு ஒரு பீரியட் வேண்டும் என்று அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறேன். அப்புறம் அந்தப் பெயர். வருகைப் பதிவேட்டின் அட்டையில் பெரிதாக 'ரெமிடியல்' என்று எழுதியிருந்ததால், அதை வாங்கிவரச் சொன்னால் பெண்கள் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு வருவார்கள்.

முலுண்டு

அமெரிக்காவிலும் இதே வழக்குத்தான். என் அத்தை மகன் 2014இல் கலிபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ் சேர்ந்தான். நுழைவில் ஒரு டெஸ்ட் வைத்துக் கீழ்மட்டக் கணக்கில் போட்டார்கள். பாடத்தை அளக்கிற யூனிட் ஒன்றுக்கு 46 டாலர் கட்டவேண்டும், ஆனால் அந்த யூனிட் டிகிரிக்குச் சேராது. மத்திய அரசின் உதவித்தொகையை இந்த மாதிரி கோர்ஸுக்கும் வாங்கலாம், அதுவும் 30 யூனிட் வரைதான். ஒரு வருடம் போராடிவிட்டுப் படிப்பையே விட்டுவிட்டான். 2017இல் ஏபி 705 என்று அங்கே சட்டம் வந்தது. பள்ளி மார்க்கையும் பார்த்துத்தான் வகுப்பு ஒதுக்கவேண்டும், பெரும்பாலானோரை நேராக டிகிரி கணக்கிலேயே சேர்த்து, தேவைப்பட்டால் கூடவே உதவியும் கொடுக்கவேண்டும். அவனுக்குத்தான் அது மூன்று வருடம் தாமதம்.

தாராவி, 90 அடி சாலை

எல்லாருக்கும் நன்றி. மேடம் சொன்னதைப் படித்தபிறகுதான் தம்பியிடம் அந்த 7 மணி வகுப்பைப் பற்றிக் கேட்டேன். அப்பாவுக்கு இட்லிப் பாத்திரம் தூக்குகிற நேரமும் அதுதான், வாரத்தில் இரண்டு நாள் போகவில்லையாம். என்னிடம் சொல்லப் பயந்திருக்கிறான்.

4,500 ரூபாயைத் திருப்பித் தரச் சொல்லிக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை. திங்கட்கிழமை மறுபடி போவேன், இந்தமுறை நோட்டின் கடைசிப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து மனுவோடு சேர்த்து.

ஆசிரியர் ஐயா, பட்டியலில் இன்னும் 17 சொல்லுக்கு எதிரே கேள்விக்குறி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில் இருப்பீர்களா? தம்பியை அழைத்துக்கொண்டு வருகிறேன்.