நம்ம பயல்கள் ஜெயித்தார்கள், கீழ்க்கரைதான் பயமாக இருக்கிறது

எல்லோருக்கும் வணக்கம்.

தோஹாவுக்குத் திரும்பி நான்கு நாள் ஆகிறது. எசல போயா (பௌர்ணமி விடுமுறை) அன்று டவுன் கிரவுண்டில் நம்ம தோட்டத்துப் பயல்கள் ஆடிய கால்பந்து பைனலை நேரில் பார்த்தவன் இந்தக் குழுவில் நான் ஒருவன்தான். வாட்ஸ்அப்பில் வந்த ஒன்றரை நிமிட வீடியோவைப் பார்த்துவிட்டு கனடா மாமா, "பெனால்டியில்தானே ஜெயித்தார்கள்" என்று எழுதியிருந்தார். அந்தத் "தானே"க்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கோபம் இல்லை மாமா. பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் நீங்களே அப்படி எழுதியிருக்க மாட்டீர்கள்.

நம்ம பக்கம் மொத்தம் 12 பேர். அதாவது மாற்று ஆள் ஒருவன் மட்டும். மூன்று பேர் கொழும்பில் கடை வேலை. லீவு கிடைத்தது இரண்டு பேருக்குத்தான். கோல் காக்கிற கோலி நம்ம பீலிக்கரை லயத்துப் (தோட்டத்து வரிசை வீடுகள்) பையன், அவனுக்கு முதலாளி லீவு தரவில்லை. இரவு கடை பூட்டியதும் பஸ் ஏறிவிட்டான். ஹட்டனில் இறங்கும்போது விடியவில்லை. அங்கிருந்து மஸ்கெலியா பஸ் பிடித்து வந்து, அவன் அம்மா கொடுத்த ரொட்டியையும் சாயத்தண்ணியையும் முடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் கூடத் தூங்காமல் கிரவுண்டுக்கு வந்தான்.

எதிர் டீம் யார் என்று சொல்லத் தேவையில்லை. 98இல் நடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. அவர்களுக்கு 18 பேர், எல்லோருக்கும் ஒரே நிற ஜெர்சி, பக்கத்தில் விசிலோடு ஒரு கோச். நம்ம பயல்கள் முதல் நாள் வரை கொழுந்து மூட்டை ஏற்றியவர்கள், கவ்வாத்து வெட்டியவர்கள்.

முதல் பாதி 35 நிமிடமும் நம்ம கைதான். 12ஆவது நிமிடத்தில் ஒரு கோர்னர். ஸ்டோர் அண்ணனின் மகன் எல்லோருக்கும் மேலே எழும்பித் தலையால் தட்டினான். அரைமணிக்குப் பக்கத்தில் இரண்டாவது. தூரத்திலிருந்து அடித்த பந்து, ஈரப்புல்லில் பட்டுச் சறுக்கி அவர்கள் கோலியின் கைக்கடியில் போனது. 2-0. நம்ம பொம்பளைகள் பக்கம் தப்பு மேளம் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நானும் ஆடினேன், மறைக்கவில்லை.

அப்புறம் தண்ணீர்ப் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறி வந்தது. உங்களுக்குத் தெரியும், மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் மேல் அது எழும்பினால் பத்து நிமிடத்தில் கை நீட்டினால் விரல் தெரியாது. மத்தியஸ்தர் ஆட்டத்தை நிறுத்தினார். இருபது நிமிடம் பயல்கள் நனைந்த சட்டையோடு குந்தியிருந்தார்கள். உடம்பு விறைத்துப்போனது. அவர்களுக்கோ மாற்றுவதற்கு ஏழு புது ஆட்கள். திரும்பத் தொடங்கியதும் அடுத்தடுத்து இரண்டு கோல் வாங்கினோம்.

அப்போது எனக்கு ஞாபகம் வந்தது 2022 டிசம்பர் 18. இங்கே ஏசியன் டவுனில் தொழிலாளிகளுக்குப் பெரிய திரை வைத்திருந்தார்கள். ஆர்ஜென்டினா 2-0 என்று 80 நிமிடம் வரை நிம்மதியாக இருந்தது. 80ஆவது நிமிடம் எம்பாப்பே ஒரு பெனால்டி, 81ஆவது நிமிடம் பந்து தரையில் படுமுன்னே அடித்து இன்னொரு கோல். பக்கத்தில் நின்ற நேபாளி நண்பர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அது 3-3 வரை போய், கடைசி நிமிடத்தில் மார்டினெஸ் இடது காலை நீட்டித் தடுத்து, பெனால்டியில் 4-2 என்று முடிந்தது. உலகத்தில் யாராவது மெஸ்ஸியைப் பார்த்து "பெனால்டியில்தானே" என்றார்களா மாமா?

இருட்டு வந்ததால் மேலதிக நேரம் இல்லை, நேரே பெனால்டி என்றார்கள். இங்கேதான் நான் பார்த்ததைச் சரியாகச் சொல்ல வேண்டும். எல்லோரும் வட்டம் போட்டு நின்றபோது நம்ம கோலி மட்டும் தனியாகப் போய், ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பம் வரை அடி அடியாக நடந்தான். திரும்பவும் நடந்தான். சாமி கும்பிடுகிறான் என்று நினைத்தேன். ராத்திரி கேட்டதற்குச் சொன்னான்: "அண்ணே, நம்ம கிரவுண்ட்ல நிக்கிறப்ப ரெண்டு பக்கமும் எங்க முடியுதுன்னு முதுகுக்கே தெரியும். இங்க தெரியல. அதான் அளந்து பாத்தேன்."

கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44. நம்ம கிரவுண்டில் நிற்பது டர்பன்டைன் மரத்தில் வெட்டி நட்டது, அகலத்தில் இரண்டு அடிக்கு மேல் குறைவு. சின்ன வயதிலிருந்து அந்தப் பையன் நின்றது அதில்தான். அந்த இரண்டு அடியைக் காலால் அளந்துவிட்டு வந்து இரண்டு பெனால்டி பிடித்தான். இரண்டும் வலது ஓரம்.

நம்மவர்களும் ஒன்றை வெளியே அடித்தார்கள். 3-3, கடைசி அடி நமக்கு. அடிக்க வேண்டியவனின் பூட்ஸ் அடி பிளந்து தொங்கியது. கழற்றிப்போட்டு வெறுங்காலோடு வந்தான். மத்தியஸ்தர் விடவில்லை. அவர் செய்தது சரிதான், காலணி கட்டாயம் என்பது ஆட்ட விதி. மாற்று ஆளின் பூட்ஸை வாங்கி மாட்டினான், ஒரு சைஸ் சின்னது. விரலை மடக்கிக்கொண்டு நொண்டி நொண்டிப் போய் இடது மூலையில் அடித்தான். 4-3.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்கு வரவில்லை. கோலியின் ஆத்தா வேலியைத் தாண்டி ஓடினாள், அந்த முட்டியோடு. லொறியில் திரும்பும் வழியில் முனியாண்டி கோயிலில் தேங்காய் உடைத்தோம். மறுநாள் காலை எல்லோரும் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) போனார்கள். கோலி அன்று இரவே கொழும்பு பஸ் ஏறிவிட்டான். வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல்தான் போனான். இப்போது இருக்கிறது, விசாரித்துவிட்டேன்.

சரி, இனி காசு விஷயம். மறுநாள் பின்னேரம் நம்ம கிரவுண்டுக்குப் போனேன். கீழ்க்கரை மூலையில் கொடி நடும் இடமே இல்லை. எட்டடிக்கு மேல் மண் இறங்கியிருக்கிறது. மேலே வருகிற மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் கிரவுண்டைக் குறுக்கே வெட்டி, அந்த மூலையில் விழுகிறது. அதற்கு நேர் கீழே கீழ் லயத்தின் கடைசி நான்கு வீடு. 2014 அக்டோபர் 29 மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோது என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரவு அந்த லயத்துப் பிள்ளைகள் மழைச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார்களாம்.

லண்டன் அக்கா சங்கத்தின் பெயர் போட்ட ஜெர்சியும் பாராட்டு விழாவும் வைக்கலாம் என்று எழுதியிருந்தார். ஜெர்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை அக்கா. பயல்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன். "கீழ மூலைய கட்டித் தாங்கண்ணே, பந்து உருண்டா திரும்ப எடுக்க அரைமணி நேரம் ஆகுது" என்றான் ஒருவன். 2025இல் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய்தான் வாங்கிய வீட்டிலிருந்து வருகிறவர்கள், நம்மிடம் பூட்ஸ் கூடக் கேட்கவில்லை.

முதலில் மண்சரிவு ஆபத்தைப் பார்க்கிற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் சொல்லி இடத்தைப் பார்க்க வைக்க வேண்டும். அவர்கள் சரி என்றால் மேலே தண்ணீர் ஓடக் கான், கீழே கம்பிவலைக்குள் கல் அடுக்கிய சுவர். மிஞ்சினால் சரியான அளவில் இரும்புக் கோல் கம்பம். நான் ஒரு மாதச் சம்பளம் தருகிறேன்.

மேல் லயத்துச் சின்னவன்

*

கனடா மாமா எழுதியது:

தம்பி, வாசித்தேன். "தானே" என்று எழுதியது தவறு, வாபஸ்.

ஆனால் கணக்கைக் கேட்பேன். நூல்நிலையத்துக்குச் சேர்த்த காசில் மிச்சம் எங்கே? மூன்று தடவை கேட்டேன், பொருளாளர் மூன்று தடவையும் "அடுத்த மாதம்" என்றார். கூரைத் தகடு பில் இருக்கிறது, ஆசாரி கூலிக்கு பில் இல்லை. நான் இங்கே இரவு வேலை செய்து அனுப்பிய காசு அது.

இன்னொன்று. கிரவுண்ட் யார் பெயரில்? வீட்டுக்கு 7 பேர்ச் காணிக்கே உறுதிப்பத்திரம் வாங்க நம்ம ஆட்கள் எத்தனை வருடம் அலைகிறார்கள். தோட்டத்து நிலத்தில் நாம் சுவர் கட்டி, நாளைக்கு நிர்வாகம் அதில் கன்று நட்டால் யாரிடம் போய்க் கேட்பது? எழுத்தில் கடிதம் வரட்டும். வந்த அன்றே என் பங்கு வரும். பழைய கணக்கையும் இந்தக் குழுவிலேயே போடுங்கள்.

*

லண்டன் அக்கா எழுதியது:

விழா வேண்டும் என்று சொன்னது என் பெயருக்காக இல்லை தம்பி. 98இல் நம்ம அண்ணன்மாரை அந்தக் கிரவுண்டில் என்ன வார்த்தை சொல்லித் துரத்தினார்கள் என்று நேரில் கேட்டவள் நான். என் அண்ணன் அதற்குப் பிறகு பந்தைத் தொடவே இல்லை, செத்துப் போகும்வரை. அந்த ஊர்க்காரர்கள் முன்னால் நம்ம பிள்ளைகள் ஒரு தடவையாவது நல்ல உடுப்பில் நிற்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அது தப்பா?

கீழ் லயம் பற்றி நீ எழுதியதை வாசித்த பிறகு ஜெர்சியைத் தள்ளிவைக்கிறேன். விட்டுவிடவில்லை, தள்ளிவைக்கிறேன்.

*

கோத்தகிரி பெரியப்பா எழுதியது (பேத்தி டைப் செய்கிறாள்):

எல்லோருக்கும் ஆசிர்வாதம். அந்தக் கிரவுண்டை வெட்டியவர்களில் நானும் ஒருவன். இப்போது உயிரோடு இருப்பது நானும் இன்னும் ஒருவரும்தான். அன்றைய பேர் (தோட்ட வேலை) முடிந்து பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு மண்வெட்டியோடு போவோம். துரை இடம் மட்டும்தான் காட்டினான், ஒரு சதம் தரவில்லை. மலையை மேல் பக்கம் வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப் பக்கம் கொட்டி நிரவினோம். ஆகவே கீழ்ப் பாதி முழுக்கக் கொட்டிய மண் பிள்ளைகளே, இயற்கை மண் இல்லை. தண்ணீர் இறங்கினால் அது நிற்காது.

அது எங்களுக்கு அப்பவே தெரியும். கிரவுண்டுக்கு முன்னால் கானைத்தான் வெட்டினோம். பெரிய கங்காணி வீட்டுப் பக்கம் தொடங்கி, மேட்டை ஒட்டியே போய், பீலிக்குப் பக்கத்தில் ஓடையில் விழும். அடியில் கருங்கல் பாவியது. மூடிப் போயிருக்கும், தேடிப் பாருங்கள்.

1969இல் மவுசாக்கலை அணை வந்து பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போன பிறகு, வரட்சி வந்து தண்ணீர் வற்றினால் வெடித்த சேற்றில் போய்ப் பந்து அடிப்போம். கோயில் மேலே தெரியும். 1974இல் இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில் எங்கள் முறை வந்தது. ஹட்டனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரத்தில் இறங்கி இந்த மலைக்கு வந்தோம். இங்கேயும் தேயிலைதான். புறப்பட்ட அன்று காலை பயல்கள் கிரவுண்டில் பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். கோலியாக நான் நின்ற இடத்தில் வேறொருவன் நின்றான். அதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

அந்தக் கோலிப் பையன் யார் பேரன்? பீலிக்கரை லயம் என்றால் எனக்குத் தெரிந்த வீடாகத்தான் இருக்கும்.

*

மேல் லயத்துச் சின்னவன் எழுதியது:

பெரியப்பா, உங்கள் கடிதத்தை அப்படியே பயல்களுக்கு அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேர் மண்வெட்டியோடு போயிருக்கிறார்கள். முழங்கால் ஆழத்தில் கல் தட்டுப்பட்டதாம். நீங்கள் சொன்ன அதே கருங்கல். பீலி வரைக்கும் பாதித் தூரம் தோண்டிவிட்டார்கள், மீதி அடுத்த ஞாயிறு.

மாமா, கடிதத்துக்குத் தலைவரும் ஸ்டோர் அண்ணனும் புதன்கிழமை தோட்ட ஆபீசுக்குப் போகிறார்கள். நூல்நிலையக் கணக்கைப் பொருளாளர் இந்த வாரம் போடாவிட்டால் நான் லீவில் பார்த்த பில்களை நானே போடுகிறேன்.

பெரியப்பா, கோலி நீங்கள் நினைக்கிற வீடுதான். அவன் தாத்தாதான் நீங்கள் புறப்பட்ட அன்று உங்கள் இடத்தில் நின்றவர். ஆத்தாவிடம் போனில் கேட்டேன், அவளே சொன்னாள்.