மொரீஷியஸில் பூர்வகுடிகளே கிடையாதா?

உப்புக்காற்று: நண்பர் ஒருவர் மொரீஷியஸ் போய்விட்டு ஒரு ரூபாய் நோட்டு கொண்டுவந்தார். அதில் தமிழ் எழுத்து, தமிழ் எண்கூட இருக்கிறது! கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போனவர்கள் கதை தெரியும். அதற்கு முன்னால் அங்கே யார் இருந்தார்கள்?

பழையவரைபடம்: யாருமே இல்லை. 1638-ல் டச்சுக்காரர்கள் குடியேறினார்கள், டோடோ பறவை அழிந்ததுதான் மிச்சம், 1710-ல் தீவையே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பிறகு பிரெஞ்சுக்காரர்கள் மடகாஸ்கர், மொசாம்பிக் பக்கமிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். கூலி முறைக்கு ரொம்ப முன்பே, புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தனார்களும் தச்சர்களும் தலைநகர் போர்ட் லூயிஸைக் கட்டப் போயிருக்கிறார்கள். இதை நம்மாட்கள் மறந்துவிடுகிறோம்.

1810-ல் பிரிட்டிஷ்காரர்கள் பிடித்தார்கள், 1835-ல் அடிமை முறை ஒழிந்தது. தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே! 1834 முதல் சுமார் 75 ஆண்டுகளில் கல்கத்தா, சென்னை, பம்பாய் துறைமுகங்களிலிருந்து நாலரை லட்சம் பேருக்கு மேல் போனார்கள்.

மூணாம்படி: கூலிகள் வந்திறங்கிய போர்ட் லூயிஸ் துறையான ஆப்ரவாசி காட் போயிருக்கிறேன். கப்பலிலிருந்து இறங்கியவர்கள் ஏறிய 16 கருங்கல் படிகள் இன்னும் இருக்கின்றன. நின்று பார்த்தால் ஒன்றுமில்லை, சின்னப் படிகள்தான். ஆளுக்கு ஒரு எண் கொடுத்துப் பதிவேட்டில் எழுதினார்கள், அப்பன் பெயரே பிறகு குடும்பப் பெயராகிவிட்டது. ஆறுமுகம் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் மாட்டி 'ஆர்மூகம்' ஆனதெல்லாம் அப்படித்தான். இன்று பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த கலப்பு மொழி. ஆனால் தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை!

பழையவரைபடம்: அப்புறம் மக்கள்தொகை விஷயம் சுவாரசியமானது. 1861-ல் மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் மேல், 1944-ல் நாலு லட்சத்துச் சொச்சம். இத்தனை வருஷத்தில் இவ்வளவுதான். 1860-களில் பரவிய மலேரியா ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது, பிறகு அங்கேயே தங்கிவிட்டது. 1940-களின் இறுதியில் டிடிடி அடித்துக் கொசுவை ஒழித்ததும், 1962-க்குள் கிட்டத்தட்ட ஏழு லட்சம். தீவு தாங்காது என்று பிரிட்டிஷ் நிபுணர்கள் எச்சரித்தார்கள்.

உப்புக்காற்று: அப்படியானால் இப்போது கோடியைத் தாண்டியிருக்க வேண்டுமே?

பழையவரைபடம்: இல்லை, பன்னிரண்டரை லட்சம்தான். குடும்பக் கட்டுப்பாடு, பெண்கள் படிப்பு, 1970-க்குப் பின் அவர்களை வேலைக்கு இழுத்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள். இப்போது பிறப்பு குறைந்து, வங்கதேசத்திலிருந்து ஆள் எடுக்கிறார்கள்.